கெடாத க்ரீமும் பச்சை ஸ்டிக்கரும்

தண்ணீர் சேர்த்துச் செய்கிற எந்த க்ரீமும் மூடி போட்ட நிமிஷத்திலிருந்து கெட ஆரம்பிக்கும்; அதை வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்த நிமிஷத்திலிருந்து கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதுதான் எங்கள் வேலை. வீட்டில் சோப்பு, ஷாம்பு, கற்றாழை ஜெல் என்று செய்து விற்றுக்கொண்டிருக்கிறவர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் படித்துச் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் மாரீஸ்வரி, ராஜபாளையம். பிளஸ் டூவோடு படிப்பை விட்டேன். கெமிஸ்ட்ரியில் பார்டர் பாஸ். நர்சிங் சேர மார்க் பத்தவில்லை. இப்போது தினமும் காலையில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் தனம் அக்கா வீட்டு முன்னறைக்கு வேலைக்குப் போகிறேன். அக்கா நூல் மில்லில் இருந்தவர். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்து இதை ஆரம்பித்தார். கூட வேலம்மா அக்கா, அதே மில்லில் பக்கத்து மெஷினில் நின்றவர். கிண்டுவதும் ஊற்றுவதும் அவர்கள். டப்பா கழுவுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது, போன் எடுப்பது நான். இதில் போன் எடுப்பதுதான் கேவலமான வேலை. ஏன் என்று சொல்கிறேன்.

நரைத்த ஜெல்

நான் சேர்ந்த புதிதில் எங்கள் சரக்கில் நிஜமாகவே ஒன்றும் கிடையாது. கற்றாழை, பன்னீர், வெட்டிவேர் ஊறிய தண்ணீர், அவ்வளவுதான். பச்சை ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் 'கெமிக்கல் இல்லை, பிரிசர்வேட்டிவ் இல்லை' என்று அச்சடித்திருந்தோம். அது உண்மை. உண்மையாக இருந்ததால் பத்து நாளில் கெட்டுப்போகும். ஃபிரிட்ஜில் வைக்கவும் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தோம். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

ராஜபாளையத்து டீச்சர் ஒருவர் ஜெல்லை வாங்கிப் போய்க் குளியலறை ஜன்னலில் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் வெந்நீர் ஆவி. மூன்றாவது வாரம் டப்பாவோடு வந்து நின்றார். திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் புசுபுசுவென்று முடி, பூனைக்குட்டி படுத்திருக்கிற மாதிரி. நான் பட்டென்று பூஞ்சை என்று சொல்லிவிட்டேன். தனம் அக்கா என் காலை மிதித்தார். டீச்சருக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. கன்னத்தில் இரண்டு இடத்தில் தடித்துச் சிவந்திருந்தது. உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"வெட்டிவேர்னு நெனச்சு ரெண்டு நாளா மூஞ்சியில தேச்சுட்டு இருந்தேன்மா."

பால்கோவா வைத்தியம்

தனம் அக்கா பிறந்த வீட்டில் பால்கோவாத் தொழில். அதனால் எந்தச் சிக்கல் வந்தாலும் அக்காவின் கை கரண்டியைத்தான் தேடும். பால் ஒரே நாளில் திரிகிறது, பால்கோவா நாலு நாள் நிற்கிறது. ஏன்? தண்ணீர் வற்றுகிறது, சர்க்கரை சேர்கிறது. அப்படியானால் ஜெல்லுக்கும் அதுவேதான் வழி என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். முகத்தில் பூசுகிறதும் வாயில் போடுகிறதும் ஒன்றா என்று கேட்டுப் பார்த்தேன். பால்கோவா வீட்டுப் பெண்ணுக்கு ராஜபாளையத்துக்காரி பாடம் எடுக்கக் கூடாதாம்.

கொல்லையில் விறகடுப்பு மூட்டி அகலச் சட்டியை ஏற்றினார்கள். இருவரும் மாறி மாறிக் கிண்டினார்கள். பச்சை பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, ஒரு சட்டி ஜெல் ஒரு கிண்ணமாக வற்றியது. சர்க்கரைக்குப் பதில் தேன். பூஞ்சை வரவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். எறும்பு வந்தது. நாலு வீட்டுக்குக் கொடுத்தோம், நாலு வீட்டிலிருந்தும் போன். ஒரு அம்மா பூசிக்கொண்டு மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தால் தலையணை வரைக்கும் எறும்பு வரிசை கட்டியிருந்ததாம். மிச்சத்தைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு வந்த வேலம்மா அக்கா கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"ருசியாத்தான் செஞ்சிருக்கோம் தனம், மூஞ்சிக்குன்னு செஞ்சதுதான் தப்பாப் போச்சு."

மூலிகைச் சாறு

அதற்குப் பிறகு அக்கா மதுரையில் ஒரு நாள் வகுப்புக்குப் போய் வந்தார். அங்கே சொல்லிக்கொடுத்த அம்மா எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாராம்: தண்ணீர் இருக்கிற பொருளில் பிரிசர்வேட்டிவ் போடாமல் விற்பது கிருமிக்குத் தொட்டில் கட்டித் தருகிற மாதிரி. நூறு கிராமுக்கு ஒரு கிராம், அதற்கு மேல் கூடாது, சூடு ஆறின பிறகு அளந்து ஊற்றிக் கலக்க வேண்டும். அக்கா ஒரு சின்ன கேனோடு திரும்பி வந்தார். அதன் மேல் நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர். எழுத்துக் கூட்டி வாசித்தாலும் வாய்க்குள் நிற்காது. ஆனால் வேலை செய்தது. ஒரு மாதம் ஆகியும் ஜெல் கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு நிம்மதி.

நிம்மதி ஒரு நாள்கூட நீடிக்கவில்லை. அலமாரி நிறையக் கட்டுக் கட்டாக அந்தப் பச்சை ஸ்டிக்கர். மாற்றி அடிக்கலாமே என்றேன். அக்கா மாட்டேன் என்றார். நம்மிடம் வாங்குகிறவர்கள் அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்குகிறார்கள், அதை எடுத்தால் எல்லோரும் கடைக்கே போய்விடுவார்கள், அப்புறம் அக்காவும் வேலம்மாவும் பஞ்சுத் தூசிக்கும் நான் ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நிற்கவும் போக வேண்டியதுதான் என்றார். அதையும் பொய் என்று சொல்ல முடியாது. கேனின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி 'மூலிகைச் சாறு' என்று என்னையே எழுத வைத்தார். கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் பொய் சொல்லப் போவது நான்தானே, எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

"ஸ்டிக்கர் தீரட்டும்டி, பொறவு யோசிப்போம்."

தண்ணீரும் சேர்த்தி

ஸ்டிக்கர் தீருகிற வழியைக் காணோம். போன் மட்டும் ஓயாமல் அடித்தது. கெமிக்கல் இல்லையே, இல்லை. நிஜமாகவே இல்லையே, இல்லை. பிள்ளை எடுத்துத் தின்றுவிட்டால் ஒன்றும் செய்யாதே? தின்னக் கொடுக்காதீர்கள். இப்படியே நாள் பூராவும். ஒரு நாள் சலித்துப்போய், தண்ணீரும் ஒரு கெமிக்கல்தான், உப்பும் கெமிக்கல்தான், எல்லாமே கெமிக்கல்தான் என்று ஒரு அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். பார்டர் பாஸுக்கு அதுவே அதிகம். அந்த அம்மா கோபப்படவில்லை. நிதானமாக யோசித்துவிட்டு ஆர்டர் கொடுத்தார்:

"அப்ப எனக்குத் தண்ணியும் போடாம ஒரு டப்பா செஞ்சு குடுத்திரு."

திரும்பி வந்த பார்சல்

வத்திராயிருப்பு கலா அக்காவின் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். பனியில் நின்று நின்று குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது என்று எங்கள் பித்தவெடிப்பு க்ரீமை வாங்கிப் பார்சல் போட்டார். பார்சல் போய்ச் சேருவதற்குள் அவரை வேறே இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றி, மேலே நாலைந்து முத்திரை வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து வத்திராயிருப்புக்கே வந்துவிட்டது.

கலா அக்கா அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தார். என் முன்னாலேயே திறந்தார். ஊற்றின அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, கரண்டித் தடம்கூடக் கலையவில்லை. நான் மடச்சி, பெருமையாக, பார்த்தீர்களா எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று காட்டினேன். அவர் க்ரீமைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் வைத்த தேங்காய்ச் சட்னி ஒரு பொழுது தாங்க மாட்டேன் என்கிறது, ஒன்றும் போடாத உங்கள் க்ரீம் மட்டும் எப்படி நாடெல்லாம் சுற்றி வந்தது என்று கேட்டார். நான் மூலிகை என்றேன். என் காதுக்கே கேட்கச் சகிக்கவில்லை. டப்பாவை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

"கெட்டுப் போயிருந்தா பேசாமத் தூரப் போட்டிருப்பேன் தங்கச்சி, கெடாம இருக்கே, அதான் பயமா இருக்கு."

ஏட்டையா விசாரணை

ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி போட்டார்கள். எங்களுக்கும் ஒரு மேஜை கிடைத்தது. வாசலுக்கு நேரே, எல்லாத் தூசியும் வந்து இறங்குகிற இடம். வ. புதுப்பட்டியிலிருந்து, போலீஸ் வேலையில் ரிட்டயர் ஆன ஏட்டையா ஒருவர் வீட்டுக்கார அம்மாவோடு வந்தார். அம்மா வளையல் கடைப் பக்கம் போய்விட, ஏட்டையா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஸ்டிக்கரை வரி விடாமல் வாசித்தார். பொடி எழுத்தைப் படித்த முதல் ஆள் அவர்தான்.

பிரிசர்வேட்டிவ் இல்லையா என்றார். இல்லை ஐயா என்றேன். எப்போது செய்தது என்றார். இரண்டு மாதம் ஆகிறது என்றேன். ஃபிரிட்ஜில் இருந்ததா என்றார். இல்லை, மேஜையில்தான் என்றேன். அப்புறம் எப்படி என்று கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. முதல் கேள்வியையே திரும்பவும் முதலிலிருந்து கேட்டார். நானும் அதே பதில்களைச் சொன்னேன், குரல்தான் இறங்கிப்போயிற்று. உங்களில் பலருக்கு இந்த இடம் பழகியிருக்கும்; பொய் நம்முடையது அல்ல, வாய் மட்டும் நம்முடையது. வீட்டுக்கார அம்மா கேட்டாளே என்பதற்காக இரண்டு டப்பா வாங்கினார். பையில் போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"முப்பது வருசம் ஸ்டேஷன்ல இருந்தவன் பாப்பா நான், உண்மை சொல்லுத யாரும் இம்புட்டு நேரம் டப்பாவையே பாத்துப் பேச மாட்டாங்க."

கான்சாபுரம் பஸ்

சுத்துப்பட்டு ஊர்களுக்கு நாங்கள் கூரியர் அனுப்புவதில்லை. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் அண்ணனிடம் டப்பாவைக் கொடுத்து, வாங்குகிறவருக்கு போன் அடித்து, இத்தனை மணி வண்டி என்று சொல்லிவிடுவோம். அவர்கள் ஸ்டாப்பில் வந்து நின்று வாங்கிக்கொள்வார்கள். கான்சாபுரத்து சங்கரி அக்காவுக்கும் அப்படித்தான் ஒரு லோஷன் டப்பாவை மத்தியான வண்டியில் ஏற்றிவிட்டு வந்தேன். ஆர்டர் பேசியது தனம் அக்கா. சங்கரி அக்காவின் இரண்டு வயது மகளுக்குத் தோல் ரொம்ப மோசம் என்றும், நம்மிடம் ஒன்றும் போடுவதில்லை, தைரியமாகப் பூசுங்கள் என்று தான் சொல்லிவிட்டதாகவும் அக்கா சொன்னார். சொல்லிவிட்டு பாட்டில் வாங்க மதுரைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. குழந்தையைத் துடைக்கிற ஈர டிஷ்யூவில் இருந்த ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் வெடித்துவிட்டதாம், அந்தப் பெயர் இருக்கிற எதையும் இனிமேல் தொடவே கூடாது என்று எழுதியிருந்தது. கீழே சங்கரி அக்காவின் குரல் பதிவு: கடையில் எதை எடுத்தாலும் இந்தப் பேர்தான் தங்கச்சி இருக்கு, நீங்களாவது ஒண்ணும் போடாமச் செய்யுதீங்களே, நல்லா இருப்பீங்க. அந்தப் பெயர் நீளமாக இருந்தது. கேனை எடுத்து, நான் ஒட்டின வெள்ளைத் தாளை நானே கிழித்தேன். போனைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். கடைசி எழுத்து வரைக்கும் ஒன்றுதான்.

தனம் அக்காவுக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலம்மா அக்கா, தனம் வரட்டும்டி என்றார். தனம் அக்கா வருவதற்குள் பஸ் கான்சாபுரம் போய்ச் சேர்ந்துவிடும். சங்கரி அக்காவைக் கூப்பிட்டேன். டப்பாவை வாங்காதீர்கள், வாங்கினாலும் திறக்காதீர்கள், டாக்டர் எழுதின அதே பொருள் இதில் இருக்கிறது என்றேன். ஸ்டிக்கரில் இல்லை என்று போட்டிருக்கிறதே என்றார். ஸ்டிக்கர் பொய் என்றேன். போனில் பஸ் ஹாரன் கேட்டது, அவர் ஸ்டாப்பில்தான் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"பிள்ளையக் குளிப்பாட்டி, ஒடம்பு பூரா பூசலாம்னு துணியில்லாம உக்கார வச்சிட்டு வந்திருக்கேன், வையி போனை."

கறுப்பு மார்க்கர்

அதே வண்டியில் டப்பா திரும்பி வந்தது. கண்டக்டர் அண்ணன், டிக்கெட் எடுக்காமல் போக வர ஊர் சுற்றின ஒரே ஆள் இதுதான் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் தனம் அக்கா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அக்கா கத்தினார். இனி கான்சாபுரம் பூராவும் பேசும், வத்திராயிருப்பு வரைக்கும் பேசும், எல்லாம் முடிந்தது, உன்னை யார் வாயைத் திறக்கச் சொன்னது என்றார். நானும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நாளையிலிருந்து இந்த ஸ்டிக்கரை ஒட்ட மாட்டேன், வேறே ஆளைப் பாருங்கள் என்றேன். போனை அக்கா கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது அந்தப் போட்டோ திறந்தே இருந்தது.

அக்கா சீட்டைப் படிக்கவில்லை. சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். நான் எழுத்தை ஒத்துப் பார்த்த அவசரத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. போட்டோ எடுக்க, சீட்டைக் குழந்தையிடமே பிடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். மணிக்கட்டில் கறுப்பு வளையல், அதற்கு மேலே முழங்கை வரைக்கும் தோல் உரிந்து பொருக்குத் தட்டியிருந்தது. அக்கா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். சரி, வேலை போயிற்று என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

சாப்பாட்டுத் தூக்குவாளியை அங்கேயே மறந்து வைத்துவிட்டதால் மட்டுமே மறுநாள் காலையில் திரும்பப் போனேன். முன்னறையில் அக்காவும் வேலம்மாவும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் ஸ்டிக்கர் கட்டு. ஒவ்வொன்றிலும் கறுப்பு மார்க்கரால் அந்த வரியை அடித்து, பக்கத்தில் 'பிரிசர்வேட்டிவ் உண்டு' என்றும் அந்த நீளப் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலம்மா அக்கா அந்தப் பெயரில் இரண்டு எழுத்தை விட்டிருந்தார். தனம் அக்கா நிமிரவில்லை. இன்னொரு மார்க்கரை என் பக்கம் உருட்டிவிட்டார்.

"வாசல்ல நின்னு என்னத்தப் பாக்க, ஏட்டி, எழுத்துக் கூட்டத் தெரிஞ்சவ நீதான, வந்து உக்காரு."

தேன்மெழுகு

அக்கா பயந்தது நடந்தது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயத்தைப் போட்டோம். ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மார்க்கர் அடித்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, பூச்சி மருந்தைத் தொட்ட மாதிரி கீழே வைத்தார்கள். போடாமல் கெட்டபோது திட்டியவர்கள், போட்டதைச் சொன்னதற்கும் திட்டினார்கள். கிண்டுகிற வேலை வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்தது. வேலம்மா அக்கா மில்லில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்து வைத்திருக்கிறார். எனக்கு போன் வேலை குறைந்தது. அதில் வருத்தம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து சங்கரி அக்கா பேசினார். திட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். திட்ட வரவில்லை. மற்ற எவரையும் நம்ப முடியவில்லை, உண்டு என்றால் உண்டு என்று நீ ஒருத்திதான் சொன்னாய், என் பிள்ளைக்குப் பூச ஏதாவது இருக்கிறதா என்றார். இதற்குத்தான் நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. தண்ணீர் போடாமல் செய்து கொடு என்று ஒரு அம்மா கேட்டாரே, அதைத் தனம் அக்கா செய்து பார்த்திருந்தார். தண்ணீர் இல்லாததில் பிரிசர்வேட்டிவ் வேண்டியதில்லை, ஈரக் கை மட்டும் படக் கூடாது, அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பூசுங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். தனம் அக்கா கிண்டுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களை விட்டுப் போன கூட்டத்தில் முதல் ஆள் திரும்பி வருகிறார். அதில் என்னென்ன இருக்கிறது என்று சங்கரி அக்கா கேட்டார். தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும், இரண்டே பொருள், மெழுகை உருக்கி எண்ணெயில் கலந்து ஆற விடுவோம் என்று, உள்ளதை உள்ளபடி, முழுசாகச் சொன்னேன். அந்தப் பக்கம் சந்தோஷம் நன்றாகவே கேட்டது.

"அம்புட்டுத்தானா, அப்ப நானே வீட்ல செஞ்சுக்கிடுதேன் தங்கச்சி, நீ நல்லா இருக்கணும்."

நூறு கிராமுக்கு ஒரு கிராம் பிரிசர்வேட்டிவ் போட்டால் க்ரீம் கெடாது, அதைப் போட்டேன் என்று ஒத்துக்கொண்டால் வியாபாரம்தான் கெடும், இரண்டையும் ஒரே டப்பாவில் கெடாமல் வைக்கிற வித்தை உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் வந்து சொல்லுங்கள், வாரத்தில் அந்த மூன்று நாளும் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருப்பேன்.